7. காது அடைக்கும் மலைப்பாதையில்

சேலம் அடிவாரத்தைத் தாண்டி வண்டி ஏறத் தொடங்கிய கால் மணி நேரத்தில் யாராவது ஒருவர் "காது அடைக்குது" என்பார். ஏற்காட்டுக்குப் போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அப்போது ஏழெட்டைக் கடந்திருப்போம். அடுத்த நிமிடம் இன்னொருவர் முன்சீட்டைத் தட்டி, "பாட்டே சரியாக் கேக்கலைங்க, கொஞ்சம் ஏத்தி வைங்க" என்பார். இந்த அத்தியாயத்தை முக்கியமாக அந்த இரண்டாமவருக்காக எழுதுகிறேன்.

பாட்டின் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. மங்கியது அவருடைய காது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,515 மீட்டரில். ஒரு மணி நேரப் பயணத்தில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். அதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் மட்டும் சேலத்துக் காற்று அடைபட்டுக் கிடக்கிறது. அது பறையை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. இழுத்துக் கட்டிய தோல்போல விறைத்த பறை முன்புபோல அதிர்வதில்லை, அதனால் எல்லாச் சத்தமும் தூரத்தில் கேட்கிறது.

தொண்டையிலிருந்து நடுச்செவிக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. யூஸ்டேஷியன் குழாய் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் அது ஒரு கணம் திறந்து உள்ளேயும் வெளியேயும் அழுத்தத்தைச் சமன்செய்துவிடும். 'பொட்' என்று ஒரு சத்தம், உடனே எல்லாம் பளிச்சென்று கேட்கும். காது அடைத்திருந்தபோது ஏற்றி வைத்த வால்யூம் முழுவதும் அந்தக் கணத்தில் திறந்த காதில் விழுகிறது. ஏற்றியவருக்கு இறக்கிவைக்க நினைவு வருவதில்லை. வண்டி ஏற்காடு ஏரியை அடையும்வரை அதே அளவில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே மலைப்பாதையில் காது அடைத்தால் வால்யூமில் கை வைக்காதீர்கள். வாயில் ஒரு இஞ்சி மிட்டாய் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். காதை இறுக்கி அடைக்கும் ரப்பர் முனை இயர்பட்ஸைக் கழற்றிவிடுங்கள். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுத்தால் அது விழுங்க விழுங்கக் காது திறக்கும்.

இறங்கும்போதுதான் தொல்லை அதிகம். ஏறும்போது உள்காற்று குழாய் வழியே தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று அழுத்திக் குழாயை மூடிக்கொள்ளும், நாமாக விழுங்கித் திறந்தால்தான் உண்டு. தூங்கும் குழந்தைகளை இறக்கம் தொடங்குவதற்கு முன்பே எழுப்பிவிடுங்கள். அப்படியும் திறக்கவில்லையென்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக ஊதிப் பார்க்கலாம். சளி பிடித்திருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம். வேகமாக ஊதுவது எப்போதுமே கூடாது.

வாரக் கணக்கு

காது எவ்வளவு சத்தம் தாங்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சம்பளக் கணக்கைத்தான் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். வாரம் முழுக்கச் செலவழிக்க நமக்குக் கிடைக்கும் சம்பளம் அவ்வளவுதான்.

டெசிபல் என்பது கிலோ, லிட்டர் மாதிரி ஏறுவதில்லை. மூன்று டெசிபல் கூடினால் காதில் விழும் ஒலியாற்றல் இரட்டிப்பாகிறது, தாங்கும் நேரம் பாதியாகிறது. 83-ல் 20 மணி நேரம், 86-ல் 10 மணி நேரம் என்று குறைந்துகொண்டே போய், 90-க்கு வாரத்தில் நான்கு மணி நேரமும் 95-க்கு ஒன்றேகால் மணி நேரமும் 100 டெசிபலுக்கு வெறும் 20 நிமிடமும்தான் மிஞ்சுகின்றன. ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏற்றமும் காதுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது என்பதுதான் ஆபத்து. 'கொஞ்சம் சத்தமாக இருக்கிறது' என்றுதான் தோன்றும்.

இந்தக் கணக்கை வைத்து ஒரு ஏற்காடு சனி-ஞாயிறைப் பாருங்கள். சென்னையிலிருந்து இரவு முழுக்கப் பாட்டு போடும் டூரிஸ்ட் பஸ். பின்சீட்டுக்குக் கீழே பேஸ் பாக்ஸ், தலைக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர். உள்ளே 95 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் தாம்பரம் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே அந்த வாரத்துச் சம்பளம் தீர்ந்துவிட்டது. மீதிப் பயணமும் மறுநாள் கேம்ப் ஃபயரும் திரும்பி வரும் இரவும் கடன். சம்பளத்தை மீறினால் வட்டி கட்டலாம். காதில் கட்டிய வட்டிக்கு ரசீது பத்து வருடம் கழித்துத்தான் வரும்.

அந்தக் கடன் எங்கே ஏறுகிறது? நத்தைக் கூடு போலச் சுருண்ட உள்செவியில். ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஒலி வரும்போது அவை அசைந்து நரம்புக்குச் செய்தி அனுப்புகின்றன. பெருஞ்சத்தத்தில் நெல் வயலில் காற்றடித்ததுபோலச் சாய்கின்றன. லேசாகச் சாய்ந்தவை ஓய்வு கிடைத்தால் நிமிரும். செத்தவை செத்தவைதான். கோழிக்கும் மீனுக்கும் அவை மறுபடி முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகள். பேச்சில் 'ச', 'த', 'ட' போன்ற மெய்களின் விளிம்பு அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் இப்படிக் கேள்வி குறைந்தவர்கள், "நீ பேசுறது கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியலை" என்கிறார்கள்.

பஸ்ஸிலும் காரிலும்

சத்தத்தைக் கூட்டுவதற்கு ரசனையைவிட இரைச்சல்தான் பெரும்பாலும் காரணம். தாழ்ந்த கியரில் உறுமிக்கொண்டு ஏறும் எஞ்சின், திறந்த ஜன்னல், வளைவுக்கு வளைவு ஹாரன். இவற்றுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டும் என்று இயர்போனை 90 சதவீதத்துக்கு ஏற்றுகிறோம். அதே பாட்டை ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து 40 சதவீதத்தில் கேட்டால் ஒவ்வொரு வீணைத் தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். நான் சொல்ல வரும் முக்கியமான விஷயம் இதுதான்: பாட்டை ஏற்றுவதற்கு முன்னால் இரைச்சலைக் குறைக்க வழி பாருங்கள்.

ஜன்னலைச் சாத்துங்கள். இயர்போன் உங்கள் காது துவாரத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெட்டியில் மூன்று அளவு ரப்பர் முனைகள் தருவது சும்மா இல்லை. தளர்வாக இருந்தால் வெளிச்சத்தம் உள்ளே வரும், நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள். வெளிச்சத்தத்தைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்க வசதி இருந்தால், பயணம் அதிகம் செய்பவர்களுக்கு அந்தச் செலவு வீண் இல்லை. எஞ்சினின் அடித்தொண்டை உறுமலை அது நன்றாக விழுங்கும். டிஜே பாக்ஸ் முன்னால் அதைக் காதுக்கவசமாக நம்ப வேண்டாம்.

போனிலேயே எல்லை கட்டிவிடலாம். ஐபோன் அமைப்புகளில் ஹெட்போன் பாதுகாப்பு என்ற இடத்தில் உச்ச டெசிபலைக் குறிக்கலாம். சாம்சங்கில் மீடியா வால்யூம் லிமிட் இருக்கிறது. பிள்ளைகள் போனில் அதை நீங்களே வைத்துவிடுங்கள். அளவுக் கருவி எதுவும் இல்லாதபோது ஒரு சின்னச் சோதனை: இயர்போனோடு இருப்பவரிடம் ஒரு கை நீள தூரத்திலிருந்து சாதாரணக் குரலில் பேசுங்கள். "என்ன?" என்று அவர் கத்திக் கேட்டால் சத்தம் அதிகம்.

பள்ளிச் சுற்றுலாவுக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பஸ் கிளம்புவதற்கு முன் டிரைவர் பக்கத்தில் நின்று, பாட்டு போடச் சொல்லி, பின்சீட்டுக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு சீட் தள்ளி இருப்பவரோடு தொண்டை வலிக்காமல் பேச முடிகிற அளவுக்கு வால்யூமை வைத்து, அந்த இடத்தில் திருகு மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். "அண்ணா, இதைத் தாண்ட வேண்டாம்" என்று சொன்னால் டிரைவர்கள் கேட்பார்கள். மலைப்பாதையில் ஹாரன் காதில் விழ வேண்டிய அவசியம் அவர்களுக்குத்தான் அதிகம். ஸ்பீக்கருக்கு நேர் கீழே இருக்கும் சீட்டில் எந்தப் பிள்ளையையும் முழுப் பயணத்துக்கும் உட்கார வைக்காதீர்கள்.

பைக்கில் ஏறுபவர்களுக்குச் சொல்ல ஒரு வரிதான் இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் இயர்போன் வேண்டாம். வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் லாரியை முதலில் காட்டுவது காது, கண்ணுக்கு அது பிறகுதான் தெரியும்.

கேம்ப் ஃபயர் இரவு

சில வருடங்களுக்கு முன் ஒரு விடுதியில் நண்பர் வீட்டு விசேஷத்துக்காகத் தங்கியிருந்தோம். புல்வெளியில் நெருப்பு மூட்டி, இடுப்புயர பாக்ஸ் இரண்டு வைத்து ஒன்றரை மணி நேரம் பாட்டு. குளிருக்கு நெருப்பு அருகே நின்றேன், பாக்ஸும் அங்கேதான் இருந்தது. அறைக்கு வந்து படுத்ததும் காதில் சில்வண்டுச் சத்தம். ஏற்காட்டில் இரவில் அது இயல்புதானே என்று எண்ணினேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். சத்தம் குறையவில்லை. மறுபடி திறந்தேன், கூடவும் இல்லை. வண்டு என் காதுக்குள் இருந்தது.

இரண்டு நாளில் அது அடங்கிவிட்டது. அடங்கியதால் ஒன்றுமில்லை என்று அப்போது நினைத்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பாஸ்டனில் ஷேரன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளைப் பெருஞ்சத்தத்தில் வைத்துப் பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும், மயிர்ச்செல்களை நரம்போடு இணைக்கும் முடிச்சுகள் பல திரும்பி வரவில்லை. அமைதியான அறையில் அந்த இழப்பு தெரியாது. கல்யாண வீட்டுக் கூச்சலில் எதிரே இருப்பவர் பேச்சைப் பிரித்தெடுக்க முடியாமல் போகும்போது தெரியலாம் என்று கருதுகிறார்கள்.

திறந்த வெளியில் தூரம் நல்ல மருந்து. பாக்ஸிலிருந்து தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். இரண்டு மீட்டரில் 104 என்றால், நான்கில் 98, எட்டில் 92, பதினாறில் 86. பதினாறு மீட்டர் என்பது இருபது இருபத்தைந்து எட்டு நடை. அவ்வளவு நடந்தால் வாரத்துக்குப் பத்து நிமிடம்கூடத் தாங்காத சத்தம், பத்து மணி நேரம் தாங்கும் சத்தமாகிவிடுகிறது. விடுதி நடத்துபவர்கள் நெருப்பையும் பாக்ஸையும் ஒரே இடத்தில் வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. குளிருக்கு ஒதுங்குபவர்கள், வயதானவர்கள், குழந்தைகள் எல்லாரும் நெருப்பைச் சுற்றித்தான் நிற்பார்கள். கல் சுவருக்கு முன்னால் பாக்ஸை நிறுத்தினால் ஒலி திரும்பி அடித்து மேலும் கூடும்.

ஆட விரும்புகிறவர் நுரை இயர்பிளக் வைத்துக்கொண்டு ஆடலாம். மருந்துக்கடையிலும் ஆன்லைனிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பலர் வைக்கும் விதம்தான் தப்பு. பட்டாணி மாதிரி அப்படியே காது வாயிலில் செருகினால் பயனில்லை. விரல்களுக்கிடையே உருட்டி ஊதுவத்திபோல மெல்லிசாக்குங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். துவாரம் நேராகும். பிளக்கை உள்ளே விட்டு, அது விரிந்து நிறையும்வரை, மெதுவாக முப்பது எண்ணும் நேரம் விரலால் பிடியுங்கள். உங்கள் சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோலக் கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பஞ்சு வைப்பது பழைய வழக்கம், அது குறைப்பது மிகக் கொஞ்சம்.

மணிக்கொரு முறை பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். ஏற்காட்டைப்போல அந்த ஓய்வுக்கு வாகான ஊர் குறைவு. நூறு அடி நடந்து காப்பிச் செடிகளுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே போனால் காதுக்கு நிழல் கிடைத்துவிடும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை விழா நாட்களில் மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்வு தரலாம், அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் கூடாது. பகலிலும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். மருத்துவமனை, பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்த இரவுக் கட்டுப்பாட்டை உறுதியாக்கியது. பத்து மணிக்குப் பிறகும் பாக்ஸ் அலறினால் முதலில் மேலாளரிடம் தன்மையாகச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் 112-க்கு அழையுங்கள். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் இருக்கும் ஊர்வரை இரவில் ஒலி போகும். சுற்றுலாவுக்கு வந்தவருக்கு அது ஒரு ராத்திரி. அங்கே வாழ்கிறவர்களுக்கு ஒவ்வொரு வாரக் கடைசியும்.

எஸ்டேட் வேலையில்

சுற்றுலாக்காரர் இரண்டு நாளில் திரும்பிவிடுவார். மலையிலேயே வேலை செய்கிறவர்களின் காதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில், தோளில் புல்வெட்டும் மிஷின் மாட்டிய இளைஞர் ஒருவரைப் பார்த்தேன். பெட்ரோல் எஞ்சின் காதுக்கு ஒரு முழ தூரத்தில் அலறுகிறது. இரண்டு காதிலும் இயர்போன். மிஷினை நிறுத்தியதும் இயர்போனிலிருந்து பாட்டு வரி வரியாக என் காதுக்கே கேட்டது.

"இவ்வளவு சத்தமா வச்சிருக்கியே தம்பி?"

"பாட்டு இல்லேன்னா மிஷின் சத்தம் மண்டையைக் கொடையுதுங்க சார். அதை மறைக்கத்தான் வச்சிருக்கேன்."

அவர் மறைக்கவில்லை, சேர்த்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட மிஷின் இயக்குபவர் காதருகே 95 டெசிபலைத் தொடும். பாட்டும் அதே அளவில் இருந்தால் இரண்டும் கூடி 98 ஆகிறது. வேலையிடத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் எல்லை, நாளொன்றுக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம். 94-ல் ஒரு மணி நேரம், 97-ல் அரை மணி நேரம்தான். அவர் காலை எட்டு மணியிலிருந்து வெட்டிக்கொண்டிருந்தார். மரம் அறுக்கும் செயின் சா 105 டெசிபலையும் தாண்டும்.

மிஷின் வாங்கும்போதே காதை முழுக்க மூடும் கவசம் ஒன்றும் சேர்த்து வாங்கிக் கொடுப்பது தோட்டம் நடத்துபவரின் பொறுப்பு. பெட்ரோல் கணக்கில் அது ஒரு வாரச் செலவுகூட இருக்காது. கவசம் போட்டால் மண்டைக் குடைச்சல் நிற்கும், பாட்டின் தேவையும் போகும். கவசத்துக்குள் இயர்போன் வேண்டாம் என்பது என் கருத்து. காட்டெருமை திரியும் மலை இது, பக்கத்து ஆள் கத்தினால் கேட்க வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை மிஷினை நிறுத்திக் கை மாற்றிக்கொள்ளலாம். பாட்டை டீ நேரத்தில், போனைக் கல்மேல் வைத்து எல்லாருமாகக் கேட்கலாம்.

மே மாதத்தில் கோடை விழா, சேர்வராயன் கோவில் திருவிழா, ஊர் விசேஷம் என்று ஓடும் மைக் செட் பிள்ளைகளுக்கும் இதே பேச்சுதான். பாக்ஸுக்குப் பின்னால் நில்லுங்கள், முன்னால் நிற்காதீர்கள். சவுண்ட் செக் செய்யும்போது இயர்பிளக் போடுங்கள். தொழிலுக்கு உங்கள் முதலீடு ஆம்ப்ளிஃபயர் என்று நினைக்கிறீர்கள். அதைத் திருகிச் சரிபார்க்கும் காது போய்விட்டால் ஆம்ப்ளிஃபயரை யார் சரிபார்ப்பது?

எப்போது மருத்துவரிடம்

2024 ஜூனில் இந்திப் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக், விமானத்திலிருந்து இறங்கியதும் திடீரென எதுவும் கேட்காமல் போனதைத் தாமே பொதுவில் எழுதினார். வைரஸ் தாக்கியதால் வந்த நரம்புவழிக் கேள்விக்குறை என்று மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். சத்தம் காரணமில்லாத தம் நோயைச் சொல்லும்போதும், மிகுந்த சத்தமான இசையிலும் ஹெட்போனிலும் கவனமாக இருக்கும்படி ரசிகர்களையும் சக கலைஞர்களையும் அவர் கேட்டுக்கொண்டார். காதை வைத்து வாழ்ந்தவர் சொன்னது என்பதால் அந்த வேண்டுகோளை நான் பலரிடம் எடுத்துச் சொல்கிறேன்.

மலையிலிருந்து இறங்கிய மறுநாளும் காதில் 'கொய்ங்' என்ற இரைச்சல் இருந்தால், டிவி சத்தத்தை வீட்டார் குறைக்கச் சொன்னால், போனை எப்போதும் ஒரே காதில் வைக்கிறீர்கள் என்று யாராவது சுட்டிக்காட்டினால், ஆடியோகிராம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தம் புகாத அறையில் உட்கார்ந்து ஒலி கேட்கும்போது பொத்தானை அழுத்தும் சோதனை அது, வலியில்லாதது, அரை மணி நேரத்தில் முடியும். மிஷின் வேலை செய்பவர்களும் மைக் செட் வைத்திருப்பவர்களும் வருடத்துக்கு ஒரு முறை எடுப்பது நல்லது.

ஒரு காதோ இரண்டுமோ திடீரென்று கேட்காமல் போனால் நிலைமை வேறு. மலையேறியதால் அடைத்திருக்கும், சளியாக இருக்கும், எண்ணெய் விட்டால் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். எண்ணெய் எதற்கும் விடாதீர்கள். நரம்பு பாதித்திருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் கேள்வி திரும்பும் வாய்ப்பு அதிகம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அன்றைக்கே போய்விடுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலம் 30 கிலோமீட்டர் சொச்சம்தான்.